தோட்டவெளியில் நின்ற கார்

பேசாலை
05.12.2024

கொலின்ஸ் அண்ணாவுக்கு,

இது சுகம் விசாரிக்க எழுதும் கடிதம் இல்லை. இரண்டரை வருடம் கழித்து எழுதுகிறாளே, மனம் மாறிவிட்டாள்போல என்றும் நினைக்க வேண்டாம். உங்கள் பழைய நம்பருக்கு மூன்று நாள் அடித்தேன். மணி போகிறது, நீங்கள் எடுப்பதில்லை. நண்டு வாங்கச் சிலாவத்துறைக்கு வந்து போகிற பக்கத்து வீட்டு டொமினிக்தான், நீங்கள் அங்கே நிப்ராஸ் என்பவருடைய கராஜில் வேலை செய்வதாகச் சொல்லி விலாசம் தந்தான்.

விஷயம் காரைப் பற்றியது. இவர் செத்த நாளிலிருந்து டட்சன் கிணற்றடியில் படங்கு மூடியபடி கிடந்தது. போன மாதம் புதுப் பற்றறி போட்டு ஸ்ராட் பண்ணினேன். பிரஷாந்திக்குப் பங்குனி நடுவில் பிள்ளை பிறக்க இருக்கிறது. மருமகன் ரொபின்சன் கட்டாரில், அதற்குள் வர லீவு கிடைக்காது. வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். நான் லைசன்ஸ் எடுத்துவிட்டேன். முதல் தடவை பெயில், இரண்டாம் தடவை பாஸ். அன்றைக்கு எனக்குக் கார் ஓடத் தெரிந்திருந்தால் நெஞ்சு நோவோடு இவர் ஸ்ரியறிங்கைப் பிடித்திருக்க மாட்டார். அந்த நினைப்பில்தான் ஐம்பது வயதில் பழகினேன்.

கார் ஓடுகிறது. ஆனால் எஞ்சினுக்குள் அடிக்கிறது. அன்றைக்கு அடித்த அதே சத்தம். இங்கே ஒருவர் எஞ்சினைக் கழற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர் பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார். இருபது வருடம் அந்த எஞ்சினில் கை வைத்தவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் கேட்கிறேன், வேறொன்றுக்கும் இல்லை.

பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு இன்னொரு தடவை ரோட்டில் நிற்க என்னால் முடியாது.

மெற்றில்டா


சிலாவத்துறை
11.12.2024

அன்புள்ள தங்கச்சி மெற்றிக்கு,

கடிதம் கிடைத்தது. பிரஷாந்திக்குப் பிள்ளை என்று வாசித்ததும் கொஞ்ச நேரம் வேலை செய்யாமல் இருந்தேன். அவளைக் கவனமாகப் பார்த்துக்கொள்.

நான் போன் பாவிப்பதில்லை. கடதாசியிலேயே எழுது.

எஞ்சின் அடிக்கிறது என்றால் அது பத்து விதத்தில் அடிக்கும். ஆகவே நான் கேட்பதைப் பார்த்து எழுது. காலையில் குளிர்ந்த எஞ்சினில் அடித்து, சூடு ஏறியதும் நிற்கிறதா? அல்லது ஓட ஓடக் கூடுகிறதா? வீட்டு முற்றத்தில் நியூட்ரலில் வைத்து அக்சிலேற்றரை மிதித்தால் சத்தம் வருகிறதா, அல்லது ரோட்டில் கார் போகும்போது மட்டுமா? எந்தக் கியரில் கூடுதல்? ஸ்ராட் பண்ணியதும் சிவப்பு ஒயில் லைற் உடனே அணைகிறதா? ஒயில் கம்பியை இழுத்து ஒயிலைப் பார். கறுப்பாய் இருந்தால் பரவாயில்லை. வெள்ளிப்பொடி மாதிரி மினுங்கினால் காரை அப்படியே விட்டுவிடு, ஸ்ராட் பண்ணாதே.

யாரையும் எஞ்சினைக் கழற்ற விடாதே. முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அண்ணன் கொலின்ஸ்


பேசாலை
16.12.2024

கொலின்ஸ் அண்ணாவுக்கு,

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். குளிரிலும் சூட்டிலும் வித்தியாசம் இல்லை. முற்றத்தில் நின்ற நிலையில் எவ்வளவு மிதித்தாலும் அடிக்காது. ரோட்டில் மூன்றாம் கியரிலும் நாலாம் கியரிலும் மிதிக்கும்போது அடிக்கிறது. காலை எடுத்தால் நின்றுவிடும். டொமினிக்கின் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பூசைக்குப் போனேன், அன்றைக்குக் கூடுதலாய் அடித்தது. ஏற்றத்தில் எப்படி என்று கேட்பீர்கள். இந்தத் தீவில் ஏற்றமென்று சொல்ல என்ன இருக்கிறது? மன்னார்ப் பாலம் மட்டும் ஓடிப் பார்க்கவில்லை. அவ்வளவு தூரம் கொண்டுபோக எனக்குப் பயம்.

சிவப்பு லைற் உடனே அணைகிறது. ஒயில் கறுப்பு, மினுக்கம் இல்லை. வெயிலில் வைத்து இரண்டு தரம் பார்த்தேன்.

எழுதி எழுதி என்ன வரப்போகிறது? டொமினிக்கைப் பக்கத்தில் இருத்திச் சத்தத்தைப் போனில் பதிந்து, நிப்ராஸின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டு நிமிடம். அதைக் கேட்டால் உங்களுக்கு விளங்கும். அல்லது ஒரு நாள் பஸ் ஏறி வந்து கேட்டுவிட்டுப் போங்கோ. வீட்டுக்குள் வர வேண்டியதில்லை, முற்றத்தில் நின்றே கேட்கலாம்.

மெற்றில்டா


சிலாவத்துறை
23.12.2024

அன்புள்ள மெற்றிக்கு,

நீ எழுதியதைப் பார்த்தால் எஞ்சினின் அடிப்பாகம் கெட்டுப்போகவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் நினைப்பை வைத்துச் சொல்ல முடியாது.

ரேங்கில் கிடப்பது அந்தக் காலத்துப் பெற்றோல். இரண்டரை வருடத்தில் கெட்டிருக்கும். டொமினிக்கைக் கொண்டு முழுதாய் வடித்தெடுத்துவிட்டுப் புதிது ஊற்று. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, நாலு பிளக் வயரையும் ஒவ்வொன்றாய்க் கழற்றிக் கழற்றிப் பூட்டிப் பார்க்கச் சொல். இறப்பர்ச் செருப்போடு நின்று, காய்ந்த தடித்த துணியால் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் அடிக்கும். எந்த வயரையாவது கழற்றும்போது புதிதாய் ஒரு அடி கேட்டாலோ, எஞ்சின் சத்தம் மாறினாலோ அதை எழுது. அந்தச் சிலிண்டருக்குக் கீழே பெயறிங் தேய்ந்திருக்கும்.

இன்னொன்று. ரோட்டில் வருகிற சத்தம் எதைப் போல என்று எழுது. உரலில் உலக்கை விழுவது போலக் கனமானதா? அல்லது கண்ணாடிக் கிளாசுக்குள் தேநீர்க் கரண்டி படுவது போலவா? உனக்குத் தோன்றுகிறபடி எழுது.

வர முடியாது. இங்கே வேலை கூட.

நத்தார் வாழ்த்துகள்.

அண்ணன் கொலின்ஸ்


பேசாலை
30.12.2024

கொலின்ஸ் அண்ணா,

உங்கள் கடிதம் நத்தார் முடிந்த மறுநாள் வந்தது. வாசித்துவிட்டு அடுப்பில் போடத்தான் எழும்பினேன். பிரஷாந்தி கையிலிருந்து பறித்துவிட்டாள்.

சத்தத்தையே உங்களிடம் அனுப்பினேன். டொமினிக் நிப்ராஸிடம் விசாரித்துவிட்டான். நிப்ராஸ் அதைப் போட்டுத் தந்தானாம். நீங்கள் போனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடமும் நின்று, தலையை ஆட்டி, திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டீர்களாம். அதற்குப் பிறகு எனக்கு எழுதுகிறீர்கள், சத்தம் எதைப் போல என்று. என்னை வைத்து விளையாடுகிறீர்களா?

எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். இப்போது எழுதுகிறேன். 2022 ஆடி பத்தொன்பதாம் திகதி, பின்னேரம் மூன்றரை. பெற்றோல் இல்லாமல் நாடே நின்ற நேரம். ரோட்டில் ஒரு வாகனம் இல்லை. இவருக்கு நெஞ்சு நோகுது என்று ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். எனக்கு ஓடத் தெரியாது, இவரே ஓடினார். இரண்டு நாளைக்கு முன்தான் காரை உங்களிடம் விட்டெடுத்தது. "கார் தங்கமாக் கிடக்கு, இனிக் கண்ணை மூடிக்கொண்டு ஓடலாம்" என்று சொல்லித்தான் சாவியைத் தந்தீர்கள். தோட்டவெளிக்குக் கிட்ட வரும்போது எஞ்சின் அடிக்கத் தொடங்கியது. அடித்து அடித்துக் கார் நின்றது.

நான் வேறு யாருக்கும் அடிக்கவில்லை. அம்புலன்ஸ் என்ற நினைப்பே வரவில்லை. உங்கள் கராஜ் அங்கேயிருந்து பத்து நிமிடம். உங்களுக்குத்தான் அடித்தேன். "அண்ணா, தோட்டவெளியில கார் நிண்டிட்டுது, இவருக்கு நெஞ்சு நோகுது, உடன வாங்கோ" என்றேன். "ஓம், ஓம். சரி" என்றீர்கள். வைத்துவிட்டீர்கள்.

நீங்கள் வருகிறீர்கள் என்று நினைத்து நாற்பது நிமிடம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இவர் ஸ்ரியறிங்கில் தலையை வைத்துக்கொண்டு, அண்ணன் வாறானா என்று இரண்டு தரம் கேட்டார். வாறார் என்று சொன்னேன். கடைசியில் ஒரு ஐஸ் லொறி வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது இவர் இல்லை.

ஓம் சரி என்று சொன்ன மனுசன் ஏன் வரவில்லை? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கோ. காரைப் பற்றி எழுத வேண்டாம்.

மெற்றில்டா


சிலாவத்துறை
06.01.2025

மெற்றி,

நிப்ராஸ் தந்த போனை நான் கன்னத்தில் வைத்திருந்தது உண்மை. அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்குக் காது கேட்காது.

இதை எழுத நாலு நாள் எடுத்தது.

ஒரே நாளில் போகவில்லை. முதலில் சின்னச் சத்தங்கள் போயின. மணிக்கூட்டின் சத்தம், காகம், பஸ்ஸின் பிறேக் கிறீச்சிடுவது. முப்பது வருடம் போட் எஞ்சினுக்கும் டீசல் எஞ்சினுக்கும் பக்கத்தில் தலையை வைத்திருந்தவன் நான். போனால் போகட்டும் என்று விட்டேன். பிறகு ஆட்கள் கதைப்பது கரைந்தது. முகத்தைப் பார்த்தால் பாதி விளங்கும். போனில் முகம் இல்லை. நீ அடித்த அந்த வருடத்தில் போனில் வருகிற குரல் எனக்குக் காற்று ஊதுவது போல இருந்தது. யார் அடித்தாலும் ஓம், ஓம், சரி என்பேன். காரியமாய் இருந்தால் நேரில் வருவார்கள் என்று நினைப்பேன். அப்படித்தான் சமாளித்தேன்.

வைத்தியரிடம் போகவில்லை. மன்னாரில் காதுக் கிளினிக்கில் காத்திருக்கிற வாங்கில் மெக்கானிக் ஒருவன் இருந்தால் பின்னேரத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். சத்தம் கேட்காத மெக்கானிக்கிடம் யார் காரை விடுவார்கள்? அதுதான் யோசனை. அது மட்டும்தான்.

அன்று உன் பெயர் போனில் விழுந்ததைப் பார்த்தேன். கார் எப்படி ஓடுகிறது என்று சொல்ல அடிக்கிறாய் என்று நினைத்தேன். நல்லாய் ஓடுகிறது என்று சொல்கிறாய் என்று நினைத்தேன், மெற்றி. ஓம், ஓம், சரி என்று சொல்லிவிட்டு ஒரு மோட்டார்சைக்கிளின் சங்கிலியைக் கழுவிக்கொண்டு இருந்தேன். அந்த நாற்பது நிமிடமும் அந்தச் சங்கிலியைத்தான் கழுவினேன்.

அடுத்த நாள் விடியத்தான் ஒருவர் கராஜுக்கு வந்து, முகத்துக்கு முன்னால் நின்று சொன்னார். செத்தவீட்டில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நீ என்னைப் பார்த்துப் பேசினாய். ஒரு சொல்லும் கேட்கவில்லை. முகம் விளங்கியது. திரும்பிப் போனேன். அடக்கத்துக்குச் சேமக்காலைக்கும் வரவில்லை. கராஜைப் பூட்டிவிட்டு இங்கே வந்தேன். நிப்ராஸுக்கு மட்டும் தெரியும்; அதிர்வாவது பிடிபடுமா என்றுதான் அன்று போனைத் தந்தான். இங்கே நான் கையால் தொட்டு வேலை செய்கிறேன். அதிர்வை வைத்துக் கொஞ்சம் சொல்லலாம்.

அன்றே உனக்குச் சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை என்று சொன்னால் நியாயம் சொல்வது போல இருக்கும். மறைத்ததுதானே பிழை.

அதனால்தான் உன்னிடம் எதைப் போல என்று கேட்டேன். விளையாடவில்லை.

கொலின்ஸ்


பேசாலை
03.02.2025

அண்ணா,

உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமைக்கு மேலாகிறது. இரண்டு தரம் எழுதத் தொடங்கிக் கிழித்தேன்.

முதல் கிழமை எனக்குக் கோபம்தான் கூடியது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு இவருடைய காரில் கை வைத்தீர்கள். தெரிந்துகொண்டு போனை எடுத்தீர்கள். எடுக்காமல் விட்டிருந்தால் நான் வேறு யாருக்காவது அடித்திருப்பேன். இதை நான் எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

பிறகு ஒரு நாள் பிரஷாந்தி சொன்னாள், அப்பா இருந்த காலத்து நத்தார்களில் மாமாவைப் பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார், நாங்கள் அதைப் பகிடி பண்ணிச் சிரிப்போம் என்று. எனக்கும் நினைவு வந்தது. நானும் சிரித்தேன். ஒரு தரமாவது பக்கத்தில் கூப்பிட்டு, அண்ணா உங்களுக்குக் காதில் ஏதும் வருத்தமா என்று கேட்கவில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பூசையில் ஒரே வாங்கில் இருந்தோம்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் வரவில்லை. காரைப் பற்றி எழுதுகிறேன்.

பழைய பெற்றோலை வடித்தாகிவிட்டது. அது பெற்றோல் மணமே இல்லை, வார்னிஷ் மணம். புதிது ஊற்றிய பிறகு கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. பிளக் வயர்களை டொமினிக் ஒவ்வொன்றாய்க் கழற்றினான். எஞ்சின் நடுங்கியது, ஆனால் புதிதாய் ஒரு அடியும் கேட்கவில்லை, மாறவும் இல்லை. இரண்டு தரம் செய்தோம்.

சத்தம் உலக்கை போல இல்லை. கனமே இல்லை. நீங்கள் எழுதிய கிளாஸ் கரண்டியும் சரியாய் வராது. ஒரு தகரப் பேணிக்குள் கொஞ்சம் சோளப் பொரியைப் போட்டு வேகமாய்க் குலுக்கினால் எப்படி, அப்படி. காலை எடுத்ததும் பட்டென்று நிற்கும். போன ஞாயிறு துணிந்து மன்னார்ப் பாலத்தில் ஏறினேன். ஏறி முடியும்வரை அடித்தது. இறங்கும்போது ஒன்றும் இல்லை. போய் வந்த பிறகும் கார் சுகமாய்த்தான் நிற்கிறது.

மெற்றில்டா


சிலாவத்துறை
10.02.2025

அன்புள்ள மெற்றிக்கு,

நீ எழுதியது எல்லாம் நியாயம்.

சத்தத்தை நீ எழுதிய விதத்தில் எனக்கு அது கேட்டது. உண்மையாய்ச் சொல்கிறேன், பல வருடத்துக்குப் பிறகு ஒரு எஞ்சின் சத்தம் தலைக்குள் கேட்டது.

எஞ்சின் கெடவில்லை. பெயறிங்கும் பிஸ்டனும் நல்லாய் இருக்கின்றன. பிளக்கின் நெருப்பு நேரத்துக்கு முந்தி விழுகிறது. பிஸ்டன் மேலே ஏறி முடிவதற்குள் பெற்றோல் பற்றிக்கொள்ளும். ஏறுகிற பிஸ்டனும் அந்த நெருப்பும் முட்டும்போதுதான் பொரி குலுக்குவது போலச் சத்தம் வரும். பாரம் இழுக்கும்போது மட்டும் வரும். இந்த நேரத்தை வைப்பது டிஸ்ரிபியூற்றரில். ஒரு நட்டை இளக்கி விரற்கடை அளவு திருப்பினால் போதும்.

அதைக் கடைசியாய்த் திருப்பியது நான்தான், உன் றொபேட் சாக இரண்டு நாளைக்கு முன். காதால் கேட்டு வைப்பது என் பழக்கம். ரோட்டில் ஓடி ஓடிப் பார்த்து, சத்தம் வரும்வரை முன்னுக்குத் திருப்பி, வந்ததும் கொஞ்சம் பின்னுக்கு எடுப்பேன். அன்று சத்தம் வரவேயில்லை. அதனால் மேலும் திருப்பினேன். இந்தச் சத்தம் மெல்லியது, என் காதில் முதல் செத்த சத்தங்களில் ஒன்று. எஞ்சின் கையில் துடிப்பாய் இருந்தது. தங்கமாய்க் கிடக்கு என்றேன். அந்த நாட்களின் கலப்படப் பெற்றோலும் சேர்ந்து அதைப் பெரிதாக்கியிருக்கும்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. இது கேட்கப் பயமாய் இருக்குமே தவிர, எஞ்சினை நிற்பாட்டாது. நாளாக நாளாகக் கெடுக்கும், உண்மை. ஆனால் இதோடு மன்னாருக்கு என்ன, மதவாச்சிக்கும் ஓடியிருக்கலாம். அன்று ஏன் நின்றது?

பதினாறாம் திகதி ஞாயிறு காலைப் பஸ்ஸில் வருகிறேன், நிப்ராஸின் ரைமிங் லைற்றோடு. அது கண்ணால் பார்த்து வைப்பது, காது தேவையில்லை. நீ சொன்னபடி முற்றத்தில்தான் நிற்பேன்.

அண்ணன் கொலின்ஸ்


பேசாலை
24.03.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதினாலாம் திகதி வெள்ளிக்கிழமை பிரஷாந்திக்குப் பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். டொமினிக்கிடம் சொல்லியனுப்பியது கிடைத்திருக்கும். மற்றதை நான் எழுத வேண்டும்.

காலை பத்து மணிக்குப் பிரசவ நோ எடுத்தது. நான்தான் ஓடினேன். கார் முக்கவில்லை, அடிக்கவில்லை. நீங்கள் வைத்தது வைத்தபடி. தோட்டவெளி வந்தது. பின்சீற்றில் பிரஷாந்தி முனகுகிறாள், நான் சத்தமாய் மங்கள வார்த்தை செபம் சொல்லிக்கொண்டு ஓடினேன். அந்த இடத்தில் பனைகள் அப்படியே நிற்கின்றன. பதினைந்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. பதினைந்து நிமிடம்தான், அண்ணா.

நீங்கள் வந்த ஞாயிறைப் பற்றி எழுத வேண்டும். பொனற்றுக்குள் குனிந்து லைற்றைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு என்னை ஓடச் சொல்லிப் பக்கத்தில் இருந்தீர்கள். சத்தம் கேட்டால் நான் விரலை உயர்த்த வேண்டும். மூன்று தரம் போய் வந்தோம். மூன்றாம் தரம் நான் விரலை உயர்த்தவேயில்லை. நீங்கள் என் கையையே பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். அப்போது நீங்கள் அழுதது எனக்குத் தெரியும், நான் ரோட்டைத்தான் பார்த்தேன்.

அதற்கு முன் ஒன்று நடந்தது. நீங்கள் முதலில் குனிந்து நட்டை இளக்கிய நேரம், நான் உங்களுக்குப் பின்னால் நின்றேன். உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொன்னேன். உங்களுக்குக் கேட்காது என்று தெரிந்துதான் சொன்னேன். கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். பத்தாம் திகதிக் கடிதத்தில், அன்று ஏன் நின்றது என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு நான் பதில் எழுதவில்லை. முகத்துக்கு முன்னாலும் சொல்லவில்லை. பிள்ளை பிறந்து இத்தனை நாளாய் அதை வைத்துக்கொண்டு நித்திரை இல்லை. இப்போது எழுதுகிறேன்.

கார் நின்றது என்று எல்லோருக்கும் சொன்னேன். உங்களுக்கும் எழுதினேன். கார் நிற்கவில்லை. நான்தான் நிற்பாட்டச் சொன்னேன்.

எஞ்சின் அடிக்க அடிக்க எனக்குப் பயம் பிடித்தது. வெடிக்கப் போகிறது, நெருப்புப் பிடிக்கப் போகிறது என்று நினைத்தேன். இவர் ஓடிக்கொண்டே இருந்தார். கார் மெதுவாய்த்தான் போனது. நான் இவருடைய தோளைப் பிடித்து உலுப்பி, "நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ, அண்ணாவைக் கூப்பிடுவம்" என்று கத்தினேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கார் மூன்று நாலு தரம் உதறியது, நின்றது. இவர் தலையை ஸ்ரியறிங்கில் வைத்தார்.

அதோடு மதவாச்சிக்கும் ஓடியிருக்கலாம் என்று நீங்கள் எழுதினீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பதினைந்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. அந்தப் பழியைத் தனியே சுமக்க முடியாமல்தான் முழுவதையும் உங்கள் தலையில் போட்டேன். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நான் சொன்னது உங்களுக்குக் கேட்கவில்லை என்று எழுதினீர்கள். "நீங்கள்தான் அவரைக் கொன்றது" என்று சொன்னேன். உங்களுக்குக் கேட்காமல் போனதற்கு ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

பிள்ளைக்குச் சித்திரை இருபத்தேழாம் திகதி ஞானஸ்நானம். வாங்கோ. வீட்டுக்குள் வாங்கோ.

மெற்றி


சிலாவத்துறை
31.03.2025

அன்புள்ள மெற்றிக்கு,

இன்றைக்கு நோன்புப் பெருநாள். கராஜ் பூட்டு. நிப்ராஸ் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து உன் கடிதத்தை நாலாம் தரம் வாசித்தேன். பிறகுதான் ஒன்று பிடிபட்டது. அவசரப்படாமல் வாசி.

செத்தவீட்டு நாள் காலை, உன் வீட்டுக்கு வருவதற்கு முன், காரை எடுக்கத் தோட்டவெளிக்குப் போனேன். லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் கட்டி இழுப்பதற்குக் கியரை நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். கை வைத்தபோது அது நாலாம் கியரில் கிடந்தது. இழுத்து நடுவுக்குக் கொண்டுவந்தேன். அன்று எனக்கு எதையும் யோசிக்கிற மனம் இல்லை. ஆனால் கைக்கு நினைவிருக்கிறது. கான்ட்பிறேக்கும் போட்டிருக்கவில்லை.

றொபேட்டுக்கு ஓடப் பழக்கியவன் நான். அவன் காரை நிற்பாட்டுவது எனக்குத் தெரியும். பிறேக்கோடு கிளச்சையும் மிதித்து, நியூட்ரலில் விட்டு, கான்ட்பிறேக்கை இழுத்து, பிறகுதான் சாவியைத் திருப்புவான். பெற்றோல் செட்டிலும் அப்படித்தான், வீட்டுப் படலையிலும் அப்படித்தான். ஒரு நாளும் பிசகியது இல்லை. நாங்கள் அவனைப் பகிடி பண்ணுவோம்.

நீ சொல்லி அவன் நிற்பாட்டியிருந்தால் கியர் நாலில் கிடந்திருக்காது. கார் உதறியும் இருக்காது. கிளச் மிதிக்காமல் வேகம் குறைந்தால்தான் கார் அப்படி உதறும். உதறித் தானாய்ச் சாகும். கார் மெதுவாய்ப் போனது என்று எழுதியிருக்கிறாய். நாலாம் கியரில் மெதுவாய்ப் போனால் எஞ்சின் திணறும், அடியும் கூடும். கியரைக் குறைத்தால் அடங்கிவிடும். இது றொபேட்டுக்கு நல்லாய்த் தெரியும். அவன் குறைக்கவில்லை. கையைத் தூக்கிக் கியரை மாற்றவும், காலைத் தூக்கிக் கிளச்சை மிதிக்கவும் அவனிடம் பலம் இருக்கவில்லை, மெற்றி. அவன் உன்னைத் திரும்பிப் பார்த்தது அதைச் சொல்லத்தான் என்று நான் நினைக்கிறேன். நீ வாய் திறக்க முன்பே கார் அவன் கையை விட்டுப் போய்விட்டது. நீ பேசாமல் இருந்திருந்தாலும் அது அந்தப் பனைகளுக்குக் கிட்டத்தான் நின்றிருக்கும்.

இது ஆறுதலுக்குச் சொல்கிற கதை இல்லை. கியர் கிடந்த இடத்தைச் சொல்கிறேன். உனக்காக இல்லாததை எழுத மாட்டேன்.

அதே போல எனக்காகவும் எழுத மாட்டேன். எஞ்சின் முதலில் அடிக்கத் தொடங்கியது என் கையால். நாற்பது நிமிடம் நீ ரோட்டைப் பார்த்தது என் வாயால். நான் பத்து நிமிடத்தில் வந்திருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அண்ணன் வாறானா என்று கேட்டவனுக்கு முன்னால் நான் வந்து நின்றிருப்பேன். அது என்னுடையது. அதை உன்னோடு பங்குபோட வேண்டாம். உன் பங்கை நீ இன்றோடு இறக்கி வை.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நீ சொன்னதை எழுதிவிட்டாய். நல்லது. இத்தனை நாளும் அதைவிடக் கூடாதது எதையோ நினைத்துக்கொண்டு இருந்தேன்.

போன கிழமை காதுக் கிளினிக்குக்குப் போனேன். வாங்கில் இரண்டு மணித்தியாலம் இருந்தேன், தெரிந்த மூன்று பேர் பார்த்துவிட்டுப் போனார்கள். காதுக்கு மெசின் வைத்தாலும் பெரிதாய் ஒன்றும் வராது என்று எழுதித் தந்தார்கள். ஏழு வருடத்துக்கு முன் வந்திருந்தால் கொஞ்சம் காப்பாற்றியிருக்கலாமாம்.

இருபத்தேழாம் திகதி வருவேன். எனக்காக யாரும் பெலத்துக் கதைக்க வேண்டாம், வெட்கமாய் இருக்கும். பூசை முடிந்ததும் பிள்ளையை ஒருதரம் என் கையில் தா. அழுதால் எனக்குத் தெரியாது என்று பிரஷாந்தி பயப்படக்கூடும். நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தால் தெரியும் என்று அவளிடம் சொல்.

அண்ணன் கொலின்ஸ்